டிகோடர் புகைவதற்கு முன்: மாதிரி ரயில் எஞ்சினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஐயா பினாங்கிலிருந்து வாங்கி வந்த மாதிரி ரயில் எஞ்சின் ஒன்று, காரைக்குடி வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த தேக்குப் பெட்டிக்குள் பல ஆண்டுகள் கிடந்தது. அதை டிஜிட்டல் முறையில் (தண்டவாளம் வழியே வரும் கட்டளைகளைக் கொண்டு) ஓட்ட வேண்டும் என்ற ஆசையில், அந்தக் கட்டளைகளைப் புரிந்துகொண்டு மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் டிகோடர் என்ற சிறு மின்சுற்றை வாங்கி, அதன் நான்கு கம்பிகளைச் சால்டர் செய்து, பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லின் மேல் விரித்திருந்த தண்டவாளத்தில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் ஓர் அங்குலம்கூட நகரவில்லை; டிகோடரிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. டிகோடரில் குறை ஏதும் இல்லை, அவசரம் மட்டும்தான் என்னுடையது. பிறகு நண்பர்களுடைய எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தபோதும், சால்டரிங் கோலைச் சூடாக்குவதற்கு முன் எடுக்காமல் விட்ட அளவுகளே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணமாக இருந்தன.

முதல் தவறு, எஞ்சினைப் பார்க்காமல் விலைப்பட்டியலைப் பார்த்து டிகோடர் வாங்குவது. எத்தனை விளக்குகள், எத்தனை ஒலிகள் என்பதெல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை. மோட்டார் சுழல முடியாமல் சிக்கி நிற்கும் நொடியில் எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். இதையே ஸ்டால் கரண்ட் என்கிறார்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மோட்டாருடன் தொடராக இணைத்து, 12 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்து, மோட்டாரின் தண்டை ஓரிரு நொடி மட்டும் விரலால் பிடித்து நிறுத்தினால் அந்த எண் கிடைத்துவிடும். அதற்கு மேல் பிடித்திருந்தால் மோட்டாரின் சுருள் சூடேறிக் கெட்டுப்போகலாம். இன்றைய சிறு மோட்டார்கள் பல ஓர் ஆம்பியருக்குள் அடங்கிவிடுகின்றன. எங்கள் ஐயாவின் எஞ்சினில் இருந்த பழைய திறந்த வகை மோட்டார் ஒன்றரை ஆம்பியரைத் தொட்டது. நான் வாங்கியிருந்ததோ ஓர் ஆம்பியர் டிகோடர். (அளந்து முடித்ததும் சிவப்பு முனையைப் பழைய துளைக்கே மாற்ற மறக்காதீர்கள், மறந்துவிட்டு அடுத்ததாக வோல்ட் அளக்கப் போனால் மீட்டரே குறுக்குச் சுற்றாகிவிடும்.)

ஆனால் என் டிகோடர் புகைந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் வேறொன்று இருந்தது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் இரண்டு கார்பன்களில் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகளில்) ஒன்று உலோக அடிச்சட்டத்தோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும்; அந்தச் சட்டமோ ஒரு பக்கச் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். சாதாரண நேர்மின்சாரத்தில் ஓட்டும் வரை அது ஒரு கம்பியை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடு. டிஜிட்டல் முறையிலோ தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கிறது. டிகோடர் அதை வாங்கித் திருத்தித் தன் வெளியீட்டு வழியாக மட்டுமே மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். கார்பன் சட்டத்தைத் தொட்டிருந்தால் தண்டவாளத்தின் மின்சாரம் அந்த வெளியீட்டுக்குள்ளேயே நேராகப் பாய்கிறது. ஆகவே டிகோடரை இணைப்பதற்கு முன், பழைய கம்பிகளையெல்லாம் எடுத்துவிட்டு, இரு கார்பன் முனைகளையும் இரு பக்கச் சக்கரங்களோடும் அடிச்சட்டத்தோடும் தனித்தனியாக, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்த மீட்டரில் சோதிக்க வேண்டும். எங்கேனும் ஒரு இடத்தில் மீட்டர் ‘பீப்’ என்றாலும் வேலையை நிறுத்திவிட்டு, அந்தக் கார்பனுக்கும் சட்டத்துக்கும் இடையே மின்காப்பு கொடுத்த பிறகே தொடர வேண்டும்.

எஞ்சினுக்குள் ஏற்கெனவே இருக்கும் கம்பிகளின் நிறத்தை நம்புவது அடுத்த தவறு. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் வகுத்த நிற ஒழுங்கு டிகோடரின் கம்பிகளுக்கு மட்டுமே பொருந்தும். அதன்படி சிவப்பு வலது தண்டவாளத்துக்கும் கறுப்பு இடது தண்டவாளத்துக்கும், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கும் உரியவை. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளின் பொது நேர்முனை. ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றி இணைத்துவிட்டால் எஞ்சின் கெடாது. ஆனால் முன்னால் போகச் சொன்னால் முன்விளக்கை எரியவிட்டபடி பின்னால் போகும். இதைச் சரிசெய்யப் பலரும் சி.வி. 29-இல் (டிகோடர் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் எண்ணிட்ட இடங்களில் ஒன்று) திசையை மாற்றுகிறார்கள். அது விளக்கையும் சேர்த்தே புரட்டிவிடுவதால், எஞ்சின் முன்னால் போகும்போது பின்விளக்கு எரியும். இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிச் சால்டர் செய்வதுதான் சரியான வழி.

சால்டர் செய்யாமல் டிகோடரின் எட்டு ஊசிச் செருகியை அப்படியே செருகிக்கொள்ளும் துளைகள் உள்ள எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் செருகியைத் தலைகீழாகச் செருகிவிட்டு, “அண்ணே, வண்டி பின்னால போகுது, லைட்டும் எரியலை, டிகோடர் போயிருச்சா?” என்று தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி பதற்றத்தோடு கேட்டதுண்டு. ஆரஞ்சுக் கம்பி வந்து சேருவதுதான் முதல் ஊசி. அதை எஞ்சினுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் ‘1’ என்று குறித்திருக்கும் துளையில் செருகினால் போதும்.

எல்.ஈ.டி. விளக்குக்கு மின்தடை வைக்காமல் இணைப்பதும் பரவலாக நடக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக ஒரு கிலோ ஓம் மின்தடை, அதாவது பழுப்பு, கறுப்பு, சிவப்பு வளையங்கள் கொண்டது, போதுமானது.

வெப்பத்தை நம் ஊர்க்காரர்கள் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்திரை வைகாசியில் மின்விசிறியை நிறுத்திவிட்டால் (தண்டவாளத்துத் தூசு பறக்கும் என்று நான் நிறுத்துவதுண்டு) அறையே சூளையாக இருக்கும்போது, டிகோடரைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பை நான்கைந்து சுற்றுச் சுற்றினால் உள்ளே எழும் சூட்டுக்கு வெளியேற வழியிருக்காது. டேப்பின் பசையும் உருகி வழியும். கம்பிகளைச் சால்டர் செய்த மூட்டுகளுக்கு மட்டும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் மின்காப்புக் குழாய்) போட்டுவிட்டு, டிகோடரைச் சட்டத்தின் மேல் இரட்டைப் பக்க டேப்பில் உட்கார வைத்து, அதன் மேற்புறத்தைத் திறந்தே விடுவது நல்லது. தகர வேலைக்குப் பயன்படும் அமில ஃபிளக்ஸைத் தொடவே கூடாது, அது மெல்லிய கம்பிகளை நாளடைவில் அரித்துவிடும். உள்ளே ரோசின் உள்ள ஈயமே இதற்கு உகந்தது.

ஒலி டிகோடர் வாங்குபவர்கள் எந்த எஞ்சினுக்கு எந்த ஒலி என்று பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். திருச்சி பொன்மலை ரயில் பணிமனையை அறிந்தவர்களுக்கு இது உறுத்தும். இந்திய ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் வண்டிக்குள் இருப்பது ஆல்கோ நிறுவனத்தின் 251 வகை எஞ்சின், அதன் தடதடப்பு தனி, அதில் இ.எம்.டி. என்ற வேறொரு நிறுவனத்து எஞ்சினின் ஒலியை ஏற்றினால் கண்ணை மூடிக் கேட்பவருக்கு வேறு வண்டிதான் வருகிறது.

எல்லாம் முடிந்த பிறகு நேராக ஓடுபாதையில் வைப்பது கடைசித் தவறு. டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியாக வைத்திருக்கும் நிரலாக்கத் தண்டவாளத்தில் மின்னோட்டம் 250 மில்லி ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தப்படுவதால், கம்பியிணைப்பில் பிழை இருந்தாலும் டிகோடர் தப்பிக்க வாய்ப்புண்டு. அங்கே வைத்துச் சி.வி. 1-ஐப் படித்துப் பாருங்கள். புதிய டிகோடரானால் பெரும்பாலும் 3 என்று முகவரி (எஞ்சினை அழைக்கும் எண்) வரும். டிகோடர் மோட்டாரைச் சில மில்லி நொடி துடிக்க வைத்துத்தான் பதில் சொல்கிறது என்பதால், எண் வந்தால் தண்டவாள இணைப்போடு மோட்டார் இணைப்பும் சரியென்று பொருள். பதிலே வராவிட்டால் மோட்டார்க் கம்பிகளை முதலில் பாருங்கள்.

மேல்கூட்டைத் திருகிய பிறகு அதே சோதனையை இன்னொரு முறை செய்ய வேண்டும். என் இரண்டாவது டிகோடரில், கூட்டின் திருகுக்கு அடியில் நீலக் கம்பி நசுங்கி, உறை கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. அது சட்டத்தைத் தொட இன்னும் ஒரு மயிரிழைதான் பாக்கி இருந்தது.