துண்டைக் கிழிக்க அவசரப்படாதீர்கள்

கொழும்பு ஏழில் குதிரைகள் ஓடிய ரேஸ்கோர்ஸில் இப்போது ரக்பி ஆடுகிறார்கள், பக்கத்தில் கடைகள். ஓட்டத்தை நேரில் பார்க்க ஏப்ரலில் நுவரெலியாவுக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் நகரத்து புக்கிகளில், அதாவது குதிரைக்குப் பெட் கட்டும் கடைகளில், பின்னேரமானால் இங்கிலாந்துக் குதிரைகள்தான் பேச்சு. அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூடத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: ஓட்டம் செல்லாது என்று அறிவித்துவிட்டால்?

என் மாமா செய்ததுதான் முதல் தவறு. குதிரை விழுந்தவுடன், பெட் கட்டியதற்குப் புக்கி கொடுத்த துண்டைக் கிழித்து எறிந்துவிட்டார். ஓட்டமே செல்லாதென்றால், விழுந்த குதிரைக்குக் கட்டிய காசும் திரும்பி வரும். துண்டு இருந்தால்தானே கேட்கலாம்!

இதற்குப் பெரிய சாட்சி 1993 ஏப்ரல் 3, இங்கிலாந்தின் எய்ன்ட்ரீயில் நடந்த கிராண்ட் நேஷனல் குதிரை ஓட்டம். தொடக்க நாடா இரண்டாவது தடவையும் சரியாக எழும்பவில்லை. மறித்துக் காட்டிய கொடியைப் பல ஜொக்கிகள் காணவேயில்லை. 39 குதிரைகளில் 30 ஓடத் தொடங்கிவிட்டன. ஏழு குதிரைகள் முழுத் தூரமும் ஓடி முடித்தன, ஜோன் வைட் ஓட்டிய ஈஷா நெஸ் முதலாவது. பாவம், அந்த மனிதருக்குக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஓட்டம் செல்லாது என்ற விஷயமே தெரிந்தது. பரிசும் இல்லை, பட்டமும் இல்லை. புக்கிகள் ஏறக்குறைய 7.5 கோடி பவுண் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. "பிறகு திரும்ப ஓடியிருப்பார்களே" என்று இன்றும் சிலர் சொல்வார்கள். ஓடவில்லை. அந்த ஆண்டுக்கு வெற்றியாளரே கிடையாது.

அடுத்தது ட்ரெபிள், அதாவது மூன்று ஓட்டங்களின் வெற்றிக் குதிரைகளை ஒரே துண்டில் சேர்த்துக் கட்டுகிறவர்களின் தவறு. மூன்றில் ஒரு ஓட்டம் செல்லாமல் போனால் முழுத் துண்டும் போச்சு என்று நினைக்கிறார்கள். வழமையாக அந்த ஓட்டத்தை மட்டும் கழித்துவிட்டு மற்ற இரண்டையும் டபிளாக, அதாவது இரண்டு ஓட்டப் பெட்டாகக் கணக்குப் பார்ப்பார்கள். 100 ரூபாய் கட்டி, மிச்ச இரண்டும் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று விலையில் (ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் லாபம்) வென்றால், முதலில் கட்டிய காசோடு 300, அதை அப்படியே அடுத்ததில் போட்டால் 1,200.

தகுதி நீக்கத்தையும் செல்லாத ஓட்டத்தையும் குழப்புவதுதான் எனக்கு மிகவும் எரிச்சல். அமெரிக்காவின் 2021 கென்டக்கி டெர்பி ஓட்டத்தில் மெடினா ஸ்பிரிட் முதலாவதாக வந்தது. மருந்துப் பரிசோதனையில் சிக்கி, 2022 பெப்ரவரியில் வெற்றி பறிக்கப்பட்டு இரண்டாவதாக வந்த மண்டலூனுக்குப் போனது. ஆனால் ஓட்டம் செல்லும். அன்றைக்கு அறிவித்த முடிவின்படி காசு கொடுத்தாயிற்று. மண்டலூனுக்குக் கட்டியவர் பழைய துண்டோடு போய் நின்று பயனில்லை.

ஒரே குதிரை மட்டும் நடந்து வந்து வெல்லும் ஓட்டம் வேறு கதை. குதிரையின் கணக்கில் அது வெற்றி, பெட் கட்டியவருக்குப் பொதுவாகக் கட்டிய காசு மட்டும்.

சில புக்கிகள் தங்கள் விதிகளைத் துண்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அடித்திருப்பார்கள். காசு கட்டுமுன் அதைக் கேட்டுவிடுங்கள். மாமா அன்று தரையில் குனிந்து இரண்டு பாதிகளைத் தேடியெடுத்து ஒட்டிக்கொண்டு போனார். கவுன்டரில் இருந்தவர் இலக்கத்தைப் பார்த்தார், கிழிசலைப் பார்த்தார், முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.