பெடரஸ் வண்டுக்குப் பெயர் வைக்கும்போது செய்யும் தவறுகள்

நெல் வயலில் விளக்குப் பொறி வைத்து ரோவ் வண்டு (குட்டை இறக்கை வண்டு; பெடரஸும் இதில் ஒரு வகை) சேர்க்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குழியில்தான் விழுகிறார்கள். லேபிள் எழுத மறப்பது, குப்பியில் ஆல்கஹால் வற்றிப்போவது இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுவோம்.

நிறத்தை வைத்து முடிவுகட்டுவது

இது இன்னமும் எரிச்சலைக் கிளப்புகிறது. ரோவ் வண்டுகளின் ஸ்டாஃபிலினிடே குடும்பத்தில் 60,000க்கும் மேற்பட்ட இனங்கள். அதில் பெடரினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த பெடரஸ் பேரினத்தில் மட்டும் 600க்கும் மேல். கறுத்த தலை, ஆரஞ்சு மார்பு, நீலம் மின்னும் குட்டை இறக்கை, ஆரஞ்சு வயிறு, கறுத்த வால்நுனி: இந்தச் சீருடையில் ஏகப்பட்ட இனங்கள் திரிகின்றன. நம்மாட்களோ பார்த்த மாத்திரத்தில் 'பெடரஸ் ஃபுஸ்கிபெஸ்' என்று எழுதிவிடுவார்கள்.

ஒரு மாணவர், நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் வண்டுகளை வயல்வாரியாக எண்ணிப் பட்டியல் போட்டிருந்தார், அருமையான வேலை. ஆனால் எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வயலுக்கு ஒன்றிரண்டை மட்டும் வைத்திருந்தார், அவையும் பெரும்பாலும் பெண் வண்டுகள். பெண்ணை வைத்து இனத்தைப் பிரிப்பது பெரும்பாடு. அந்த எண்ணிக்கையில் எத்தனை இனம் கலந்திருக்கிறது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் பேரினம். பாதத்தின் நான்காம் கணு இரண்டாகப் பிளந்திருக்கும். வாயோர உணர்விழையில் மூன்றாம் கணு உப்பியும், கடைசிக் கணு கண்ணுக்கே தெரியாத அளவு சிறுத்தும் இருக்கும். அப்புறம் ஆணைத் தேடுங்கள்: வயிற்றின் அடிப்பக்கத்தில் எட்டாம் தகட்டின் நடுவே ஆழமான வெட்டு தெரியும். உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பை ஊசியால் வெளியே எடுத்து, அதே வண்டின் பக்கத்தில் அட்டையில் ஒட்டி வையுங்கள். இனப் பெயர் அதைப் பார்த்த பிறகுதான்.

குட்டை இறக்கை, அதனால் பறக்காது

பறப்பதற்கான பின்னிறகு அந்தக் குட்டை இறக்கைக்கு உள்ளே மடிந்திருக்கிறது. பறக்காவிட்டால் உங்கள் விளக்குக்கு எப்படி வந்ததாம்?

இடுக்கிப் பூச்சியோடு குழப்புவது

வாலில் இடுக்கி இருந்தால் அது வண்டே இல்லை.

வெறுங்கையால் எடுப்பது

வாலைத் தூக்குவதைப் பார்த்துக் கொட்டும் என்று பயப்படுவார்கள். கொடுக்கே கிடையாது. ஆபத்து, நசுக்கும்போதுதான்: ரத்தத்தில் உள்ள பெடரின் என்ற நஞ்சு தோலில் பட்டால் மறுநாள் கோடு போட்டதுபோல் வெந்து கொப்பளிக்கும், அதே கையால் கண்ணைத் தேய்த்தால் கண் வீங்கிக்கொள்ளும். இந்த நஞ்சைத் தயாரிப்பது வண்டுகூட இல்லை, பெண் வண்டுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. கழுத்தில் ஊர்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.