சுவரில் ஓதம்: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

சுவரின் அடிப்பக்கம் பெயிண்ட் கொப்பளித்து, தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறதா? பலரும் உடனே செய்வது, அதைச் சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, தண்ணீர் புகாது என்று சொல்லி விற்கும் பெயிண்டை அடிப்பதுதான். கொஞ்ச நாள் சுவர் பளிச்சென்று இருக்கும். அப்புறம் அதே இடத்தில், இல்லையென்றால் அதற்கு ஒரு முழம் மேலே, மறுபடி கொப்பளிக்கும். தண்ணீர் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கிறது. அது காய்ந்து வெளியேறும் வழியைத்தான் நாம் அடைத்திருக்கிறோம்.

அதனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் வரை கரணையைத் தொடாதீர்கள். இந்த வேலையில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பதுதான். அதைப் பொறுமையாகச் செய்தால், மிச்ச வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்பவரும் செய்துவிடலாம்.

படி 1: கறையைப் பாருங்கள்

கறை எங்கே இருக்கிறது, எப்போது பெரிதாகிறது என்ற இரண்டையும் கவனியுங்கள். தரையிலிருந்து சீராக மேலேறி, சுமார் ஒரு மீட்டருக்குள் நின்று, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், அநேகமாக மண்ணின் ஈரம் அஸ்திவாரம் வழியாக ஏறுகிறது. மழை பெய்தால் மட்டும் கறுத்தால் வெளிச்சுவர், ஜன்னல் அடி, சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், கைப்பிடிச் சுவரின் தலை ஆகியவற்றில் விரிசல் தேடுங்கள். மழையோ வெயிலோ, மாறாமல் ஈரமாக இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். அறையின் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்பூஞ்சை மட்டும் புள்ளி புள்ளியாக வந்தால், அது காற்றோட்டக் குறைவாக இருக்கலாம்.

கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்குப் பின் அது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

படி 2: மூன்று சோதனைகள்

முதலாவது, பிளாஸ்டிக் தாள் சோதனை. சுவரின் மேற்பரப்பைத் துடைத்துக் காயவிட்டு, சுமார் ஓர் அடிச் சதுரத் தாளை நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த பக்கம் நீர் முத்து முத்தாகப் படிந்திருந்தால், அது அறைக் காற்றிலுள்ள ஈரம். தாளுக்கு அடியில், சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதல் வகைக்கு இடிக்கவே வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைப்பது, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது, அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது ஆகியவற்றிலேயே சரியாகிவிடும்.

இரண்டாவது, நல்ல தண்ணீர்க் குழாய்க்கு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டிக்கு வரும் தண்ணீரையும் நிறுத்தி, தொட்டியின் நீர்மட்டத்தில் குறி வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கழிவறைப் பீங்கானின் ஃபிளஷ் தொட்டியும் ஒழுகலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, குளியலறைத் தரைக்கு. சுவரின் மறுபக்கம் குளியலறை இருந்தால், தரை வடிகாலை இறுக்கமாக அடைத்து, ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைக் குறித்து, ஒரு நாள் விடுங்கள். வாசல்படி வழியாக வழியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் கறை கூடினால் குற்றவாளி தரைதான். கூடவில்லை என்றால் வடிகாலைத் திறந்து விட்டுப் பாருங்கள். அப்போது கறுத்தால் கழிவுக்குழாய் இணைப்பு.

படி 3: தண்ணீரை நிறுத்துங்கள்

வெளியே போய் மண் மட்டத்தைப் பாருங்கள். தோட்ட மண்ணோ, பின்னால் போட்ட சிமெண்ட் நடைபாதையோ உயர்ந்து உயர்ந்து, வீட்டுத் தரைமட்டத்துக்கே வந்திருக்கும். மண்ணின் ஈரம் சுவரில் ஏறாதபடி அஸ்திவாரத்துக்கு மேல் போடும் ஈரத்தடுப்பு அடுக்கு அதற்குக் கீழே புதைந்துபோனால் இருந்தும் பயனில்லை. மண்ணை வெட்டி, வீட்டுத் தரைக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே கொண்டுவந்து, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். சன்ஷேடின் அடியில், முன் விளிம்பை ஒட்டி நீர்வெட்டுக் கோடு, அதாவது தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்படி போட்ட சிறு பள்ளம், இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவரைத் தொட்டுவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அடியிலிருந்து ஈரம் ஏறினால், சுவரில் துளையிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தும் வேலை தேவைப்படலாம். அதை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்த விரிசலையும் பூசி மறைக்காமல் பொறியாளரிடம் காட்டுங்கள்.

படி 4: பழைய பூச்சை உடைத்தல்

ஈரச்சுவரில் ஸ்விட்ச் போர்டு இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். உளியால், கறையின் மேல் விளிம்புக்கு ஓர் அடி மேல் வரை பூச்சை எடுத்துவிடுங்கள். நன்றாக இருப்பது போலத் தெரிகிற பகுதியும் சேர்ந்துதான் போகவேண்டும், ஏனென்றால் அதற்குள்ளும் உப்பு ஏறியிருக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கசிவை நிறுத்திய பிறகும் சில சுவர்கள் ஈரமாகவே தெரிவதற்கு இதுதான் காரணம்.

செங்கல்லில் பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து, பெருக்கி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

படி 5: காயவிடுதல்

அவசரப்பட்டு எல்லாம் கெடுவது இங்கேதான். சுவரின் ஓர் அங்குலக் கனம் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. முழுதாகக் காயும் வரை எல்லோராலும் காத்திருக்க முடியாது என்பது புரிகிறது. ஆனாலும் செங்கல்லின் நிறம் வெளுத்து, பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டிப் பார்த்தால் அடியில் நீர் கோக்காத நிலை வரும்வரையாவது விடுங்கள். மின்விசிறி வைக்கலாம். நெருப்பு மூட்டி, ஹீட்டர் வைத்துக் காயவைக்க வேண்டாம்; மேல்தோல்தான் காயும்.

படி 6: பூச்சும் பெயிண்டும்

உட்சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல், 12 மில்லிமீட்டர் கனம் போதும். மணலிலோ தண்ணீரிலோ உப்பு இருக்கக் கூடாது. செங்கல் சந்துகளைச் சுரண்டி, லேசாக நனைத்துப் பூசி, ஏழு நாள் தண்ணீர் தெளியுங்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடமாக இருந்தால் சுண்ணாம்புப் பூச்சே நல்லது, சுவர் மூச்சுவிடும்.

பிறகு நான்கு வாரமாவது விட்டுத்தான் பெயிண்ட். பளபளப்பான எனாமல் வேண்டாம், ஈரத்தை வெளியே விடும் மங்கல் வகையை எடுங்கள். நடுவில் புதுப் பூச்சின் மேல் கொஞ்சம் உப்பு பூத்தால் பயப்படாதீர்கள். உலர்ந்த பிரஷால் துடைத்துவிட்டு, அது பூப்பது நின்ற பிறகு பிரைமர் அடியுங்கள்.