பஜனைப் பாட்டை இணையத்தில் விற்க: சாட்ஸ்வொர்த் கணக்குப்பிள்ளை சொல்வது

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில். டர்பனுக்கு வடக்கே டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். அவர்கள் கோயில் பஜனைக் குழு எட்டுப் பாட்டைப் பதிவு செய்து வைத்திருக்கிறதாம். புரட்டாசிக்கு முன்னால் இணையத்தில் விற்க வேண்டுமாம். "ஆன்ட்டி, யாரும் காப்பி அடிக்காதபடி பூட்டுப் போட முடியுமா?" இதுதான் முதல் கேள்வி. விலை என்ன வைப்பது என்பதைப் போனை வைக்கப் போகும்போதுதான் கேட்டார். விலைக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினேன். இன்னும் நாலு குழு கேட்கும் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் பாடகி இல்லை. பகலில் ஒரு துணி ஆலையில் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். குழுவில் தாளம் தட்டுவதும் காசு எண்ணுவதும் என் வேலை.

முதலில் பூட்டு. எங்கள் முதல் சி.டி.யை அச்சடித்த இடத்தில், தட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் காப்பி எடுக்க முடியாத மாதிரி செய்து தருகிறோம் என்றார்கள். நம்பிக் கொடுத்தோம். புனித வெள்ளி அன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவில் கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்றோம், நல்ல விற்பனை. மறுவாரமே ஒரு அக்கா தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் கார் பிளேயர் அதை உள்ளே இழுக்கும், இரண்டு முறை உறுமும், வெளியே துப்பும். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அதே மாதம் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் உள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டில், எங்கள் எட்டுப் பாட்டும் வேறு எழுபது எண்பது பாட்டோடு ஒரே எம்பி3 தட்டில் 10 ராண்டுக்குக் கிடந்தன. காப்பி எடுத்தவர் பூட்டைத் தொடவே இல்லை. பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். காதில் கேட்கிற எதையும் பதிவு செய்துவிடலாம். இதற்கு எந்தப் பூட்டும் பதில் வைத்திருக்கவில்லை.

பெரிய கம்பெனிகளும் இதே பாடத்தைக் கூடுதல் செலவில் படித்தன. 2005-இல் சோனி பி.எம்.ஜி. விற்ற சில சி.டி.க்கள், வாங்கியவர் கணினிக்குள் சொல்லாமல் ஒரு மென்பொருளைப் புகுத்தின. விஷயம் வெளியே வந்ததும் தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003-இல் ஒரு பாட்டு 99 அமெரிக்க சென்ட் என்று பூட்டோடுதான் திறந்தது. 2007-இல் இ.எம்.ஐ. என்ற இசைக் கம்பெனி பூட்டை எடுத்துவிட்டு, ஒலித்தரத்தையும் கூட்டி, அதே பாட்டை 1.29 டாலருக்குக் கொடுத்தது. 2009-இல் ஆப்பிள் கடையில் பாட்டுகளுக்கு இருந்த பூட்டையே எடுத்துவிட்டார்கள். விலையும் 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர் என்று மூன்று படியாயிற்று. ஐடியூன்ஸ் நம் நாட்டுக்கு வந்தது 2012 டிசம்பரில்தான், அதனால் அந்தச் சண்டையை நாம் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. மாதச் சந்தா கட்டிக் கேட்கும் செயலிகளில் இறக்கி வைக்கும் பாட்டுக்கு இன்றும் பூட்டு உண்டு. அது வாடகை வீடு, சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். நாம் விற்பது சொந்த வீடு. சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

பூட்டுக்குப் பதிலாக நான் செய்வது இது. ஒவ்வொரு எம்பி3 கோப்பிலும் பாடியவர், ஆண்டு, படம் இவற்றோடு 'கமென்ட்' என்று ஒரு கட்டம் இருக்கும். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக் என்ற மென்பொருளில் அதைத் திறந்து, வாங்கியவர் பெயரையும் எங்கள் கோயில் அன்னதானத்துக்கு அவர் உதவினார் என்பதையும் எழுதிவிடுவேன். எட்டுப் பாட்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே தடவையில் முடியும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஒரு மாமா அதைத் தன் சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப, அவர்கள் போனில் மாமாவின் பெயர் வந்து நிற்க, கல்யாண வீட்டில் ஒரே சிரிப்பு. பிறகு சம்பந்தியும் வாங்கினார். யாரையும் தடுக்காது, ஆனால் பெயர் இருக்கிற பொருளைக் கண்டபடி வீச நம் ஆட்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

அதே மென்பொருளில் ஒரு எச்சரிக்கை: பாட்டின் தலைப்பைத் தமிழில் எழுதினால் பல பழைய கார் பிளேயர்களில் வெறும் கட்டங்களாகத் தெரியும். கோப்பின் பெயரை எண்ணோடு ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழ்த் தலைப்பை அட்டைப் படத்தில் போட்டுவிடுங்கள்.

கோப்பின் அளவும் விலையில் சேர்ந்ததுதான், ஏனென்றால் டேட்டாவுக்குக் காசு கொடுப்பது வாங்குகிறவர். எங்கள் எட்டுப் பாட்டும் சேர்ந்து 40 நிமிஷம். 320 கேபிபிஎஸ் (ஒலித்தரத்தைச் சொல்லும் எண்) எம்பி3யில் 96 எம்.பி., 128-இல் 38 எம்.பி., மூலமான வேவ் கோப்பில் 400-க்கும் மேல். முதல் இரண்டையும் தருகிறேன், ஆளே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். வேவ் கோப்பை விற்பதில்லை. அதை இரண்டு தனித் தனி டிரைவில், இரண்டு வீட்டில் வைத்திருக்கிறோம்.

விற்கும் முன் பாட்டு யாருடையது என்று பாருங்கள். திருப்புகழ் போன்ற பழைய பாடல் வரிகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். மெட்டுத்தான் வம்பு. காவடிப் பாட்டில் பாதி சினிமா மெட்டு, நமக்கே தெரியும். இங்கே சட்டப்படி இசையமைத்தவர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை உண்டு. அந்த மெட்டில் பதிவு செய்து விற்க காப்பாசோ என்ற இசை உரிமை அமைப்பிடம் உரிமம் கேட்க வேண்டும். மெட்டு உங்களுடையது என்றால் சாம்ரோ என்ற இன்னொரு இசை உரிமை அமைப்பில் பதிந்து வையுங்கள், லோட்டஸ் எஃப்.எம். மாதிரி வானொலி ஒலிபரப்பினால் பங்கு வரும். நாங்கள் இரண்டு பாட்டை எடுத்துவிட்டு சொந்த மெட்டில் மறுபடி பாடினோம், அதுவே மேலாக இருந்தது.

சரி, விலை. காகிதத்தில் செலவை எழுதுங்கள். எங்களுக்கு மிக்ஸிங் செய்த தம்பிக்கு 3,000 ராண்ட், தபலாவுக்கு 800, மைக் வாடகை 400, ஆக 4,200. பதிவு செய்தது என் கராஜில், ஓசி. அடுத்து வங்கி அட்டையில் வாங்கும் பணத்துக்குக் கழிவு. சதவீதத்தோடு ஒரு நிலையான தொகையும் பிடிப்பார்கள், பலர் கவனிக்காமல் விடுவது அந்த நிலையான தொகையைத்தான். உதாரணத்துக்கு 3 சதவீதமும் 2 ராண்டும் என்று வையுங்கள். 10 ராண்டுக்குத் தனிப்பாட்டு விற்றால் 2.30 போய்விடும், கிட்டத்தட்ட கால்வாசி. 4,200 எடுக்க 546 பாட்டு விற்க வேண்டும். தொகுப்பை 60 ராண்டுக்கு விற்றால் போவது 3.80, கையில் 56.20, 75 பேர் வாங்கினால் செலவு வந்துவிடும். 546 பேரை நான் எங்கே தேடுவேன்? 75 பேரை எனக்குப் பெயரோடு தெரியும்.

அதனால் தொகுப்பு 60. தனியாக வேண்டுமென்றால் மூன்று பாட்டு 30, ஒற்றைப் பாட்டு கிடையாது. ஒரு பாட்டு மட்டும் முழுசாக இலவசம், வாட்ஸப்பில் சுற்றட்டும். 59.99 மாதிரி விலை வேண்டவே வேண்டாம். இ.எஃப்.டி. வழியாக, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு, பணம் அனுப்பும் பாட்டிகள் சில்லறையில் தடுமாறுவார்கள், தேடி அலைவது நான்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு பேண்ட்கேம்ப் என்ற பாட்டு விற்கும் இணையதளத்தில் வைத்திருக்கிறோம். அவர்கள் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுப்பார்கள், பணம் மாற்றும் கட்டணம் தனி. ஆனால் குறைந்த விலையை நாம் வைத்து, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விடலாம். பெர்த்தில் இருக்கும் என் மாமா மூன்று மடங்கு கொடுத்தார். உள்ளூரில் கேட்டால் பேரம் பேசியிருப்பார்.

இத்தனைக்குப் பிறகும் காப்பி சுற்றும். போன மாதம் இங்கே டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் ஒரு குடும்ப வாட்ஸப் குழுவில் எட்டுப் பாட்டும் வந்ததை என் அக்கா மகள் காட்டினாள். நான் சண்டை போடவில்லை. இதை மட்டும் அனுப்பச் சொன்னேன்: "பாட்டு பிடித்திருந்ததா, சந்தோஷம். விலை 60 ராண்ட், கோயில் கணக்கு எண் கீழே. ரெஃபரன்ஸில் 'பஜனை' என்று போடுங்கள்." ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐந்து பேர் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் ரெஃபரன்ஸில் 'போஜனம்' என்று போட்டிருந்தார், அதையும் வரவில் வைத்தேன்.