நேரா, வலமா? ஸ்லாவிய மொழிகளில் ‘ப்ராவ்’ சொற்களைப் பிரித்தறிவது எப்படி

மாஸ்கோவில் டாக்சி ஓட்டுநரிடம் ‘நப்ராவோ’ என்றால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் அதே சொல்லைச் சொன்னால் திரும்பாமல் நேரே போகும். கடைசி உயிரொலி உச்சரிப்பில் கொஞ்சம் மாறுமே தவிர, எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ரஷ்ய மொழி தெரிந்தவர்கள்தான் பல்கேரியாவில் அதிகம் வழி தவறுவார்கள். தெரியாதவர் எப்படியும் கையைக் காட்டிக் கேட்டுக்கொள்வார்.

முதல் வேலை, முன்னொட்டைக் கழற்றுவது. ‘ந’, ‘வ்’, ‘தோ’, ‘ஸ்’ போன்றவை ‘நோக்கி’, ‘இல்’, ‘வரை’, ‘இருந்து’ என்ற பொருள் தருபவை. அவற்றை நீக்கினால் ‘ப்ராவ்’, ‘தெஸ்ன்’, ‘லேவ்’ என்ற மூன்று வேர்களில் ஒன்று மிஞ்சும். செக் மொழியில் எச்சரிக்கை தேவை: ‘தோப்ராவா’ என்றால் ‘வலப்பக்கமாக’, போக்குவரத்துக்கும் அதே சொல்தான். சாலைப் பலகையில் அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிடக் கூடாது.

அடுத்து, வேரின் பழைய பொருளைப் பிடியுங்கள். ‘ப்ராவ்’ முதலில் வலத்தைக் குறிக்கவில்லை. ‘நேரான’ என்பதே அதன் பொருள். நம் ‘நேர்’ என்ற சொல்லிலிருந்து ‘நேர்மை’ பிறந்ததுபோல, நேரானது சரியானதாயிற்று. ரஷ்யத்தில் உண்மையைக் குறிக்கும் ‘ப்ராவ்தா’, செர்பியத்தில் நீதியைக் குறிக்கும் அதே ‘ப்ராவ்தா’, போலிஷில் சட்டத்தைக் குறிக்கும் ‘ப்ராவோ’ எல்லாம் இந்த வழியில் வந்தவை. பெரும்பாலோர் வேலை செய்யும் கை ‘சரியான கை’ ஆனது. அந்தக் கையின் பக்கம் ‘ப்ராவ்’ பக்கம் ஆனது. ரஷ்யம், உக்ரைனியம், போலிஷ், செக், ஸ்லோவாக் ஆகியவை இந்தக் கடைசிப் படியையும் ஏறிவிட்டன. பல்கேரியம், மாசிடோனியம், செர்பியம், குரோவாசியம் ஆகியவற்றிலோ வழி சொல்லும்போது ‘ப்ராவோ’ இன்னும் ‘நேரே’தான்.

அப்படியானால் இந்தத் தெற்கு மொழிகளில் வலத்துக்கு என்ன சொல்? ‘தெஸ்ன்’. செர்பியத்திலும் குரோவாசியத்திலும் ‘தெஸ்னோ’, பல்கேரியத்தில் ‘நத்யாஸ்னோ’. இது நமக்கு அந்நியமான வேர் அல்ல. சமஸ்கிருத ‘தக்ஷிண’, லத்தீன் ‘தெக்ஸ்தெர்’ இரண்டும் இதன் உறவுகள். ரஷ்யத்தில் இது வழக்கொழிந்து, வலக்கையைக் குறிக்கும் ‘தெஸ்னீத்சா’ என்ற செய்யுள் நடைச் சொல்லாக மட்டும் நிற்கிறது. இடப்பக்கத்துக்கும் ஒரு பழஞ்சொல் இருந்தது: ‘ஷுய்’. அது சமஸ்கிருத ‘அபசவ்யம்’ என்பதில் இருக்கும், இடப்பக்கத்தைக் குறிக்கும் ‘சவ்ய’வின் உறவு. இன்று எல்லா ஸ்லாவிய மொழிகளிலும் ‘லேவ்’ அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. குரோவாசிய ‘லியெவோ’, உக்ரைனிய ‘லிவோ’, பல்கேரிய ‘ல்யாவோ’ என்று உயிரொலி மாறினாலும் வேர் ஒன்றே.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பினால் இங்கே சறுக்கும். ரஷ்யத்தில் சிங்கம் ‘லெவ்’. இடப்பக்கத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வேற்றுமை ஏற்றிப் பாருங்கள்: ‘சிங்கத்தின்’ என்னும்போது ‘ல்வா’ என்று நடு உயிர் விழுந்துவிடும், இடப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லில் அது ஒருபோதும் விழாது. பல் ஈறைக் குறிக்கும் ரஷ்ய ‘தெஸ்னா’வும் இதேபோல ஏமாற்றும். போலிஷில் அதற்கு ஈடான சொல்லில் மூக்கொலி உயிர் இருப்பதால், அது பல்லைக் குறிக்கும் லத்தீன் ‘தென்ஸ்’ குடும்பம் என்று தெரிந்துவிடும்.

ஆற்றுப் பெயர்களில், பெயர் வைத்தவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்பதையும் கேளுங்கள். உக்ரைனின் கீவ் அருகே தினீப்பர் ஆற்றில் சேரும் ‘தெஸ்னா’ (‘வலப்பக்கத்தது’) ஆறு, நீரோட்டத்தின் திசையில் பார்த்தால் இடப்பக்கக் கிளையாறு. ஆற்றை எதிர்த்து வடக்கே ஏறியவர்களுக்கு அது வலப்பக்கம் வந்திருக்கும் என்பதே வழக்கமான விளக்கம்.

பயணத்துக்கு ‘நேரே’ என்பதற்கான சொல்லைத்தான் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும், குழப்பமே அதில்தான். ரஷ்யத்தில் ‘ப்ரியாமோ’, போலிஷில் ‘ப்ரோஸ்தோ’, செக்கில் ‘ரோவ்ன்யே’, செர்பியத்தில் ‘ப்ராவோ’, பல்கேரியத்தில் ‘நப்ராவோ’. போலிஷ் ‘ப்ரோஸ்தோ’வை ரஷ்யர் ‘சும்மா, எளிதாக’ என்று புரிந்துகொள்வார். கூடவே திரும்புவதையும் இருப்பதையும் வேறுபடுத்துங்கள்: ரஷ்யத்தில் வலப்பக்கம் திரும்ப ‘நப்ராவோ’, வலப்பக்கத்தில் இருக்கும் கடைக்கு ‘ஸ்ப்ராவா’, செக்கில் முறையே ‘தோப்ராவா’, ‘வ்ப்ராவோ’.