காதில் பஞ்சு, கடலில் மூச்சு: அழுத்தம் மாறுமிடத்தில் நடக்கும் தவறுகள்

விமானம் உயரத்தில் பறக்கும்போது பாதி குடித்து இறுக மூடிய தண்ணீர் பாட்டிலை, தரையிறங்கிய பிறகு எடுத்துப் பாருங்கள். யாரோ கையால் நசுக்கியதுபோல ஒடுங்கியிருக்கும். கொடைக்கானல் மலையேறும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வது இதன் மறுபக்கம். வெளியழுத்தம் கூடினால் அடைபட்ட காற்று சுருங்கும், குறைந்தால் விரியும். நம் உடம்பிலும் அப்படிக் காற்று அடைபடும் இடங்கள் உண்டு: நடுக்காது, முக எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் அறைகள், மூச்சை அடக்கிக்கொண்டால் நுரையீரல்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் குழந்தையின் காதில் பஞ்சை அடைக்கும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன். பஞ்சு செவிப்பறைக்கு வெளியே நிற்கிறது, வினையோ உள்ளே. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. யூஸ்டேசியன் குழாய் என்பார்கள். விமானம் ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று அதன் வழியே தானாகக் கசிந்துவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு நாம் எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ குழாயைத் திறந்துவிட வேண்டும். முன்பெல்லாம் விமானத்தில் மிட்டாய்த் தட்டு நீட்டியது உபசாரத்துக்காக மட்டும் இல்லை. தூங்குகிறவர் அதிகம் விழுங்குவதில்லை என்பதால், இறங்கும் நேரத்தில் உறங்குவதும் ஒரு தவறுதான். கைக்குழந்தையாக இருந்தால் எழுப்பிப் பால் கொடுங்கள்.

மூக்கைப் பொத்தி, வாயை மூடி ஊதும் முறை பலருக்கும் தெரியும். வலி தாங்காமல் போன பிறகு, கன்னம் சிவக்க ஊதுவதுதான் பிழை. அதற்குள் குழாயின் வாய் அழுந்தி ஒட்டிக்கொண்டிருக்கும். முரட்டு மூச்சு உள்காதைக்கூடக் காயப்படுத்தலாம். வலிக்கும் முன்பே, மெதுவாக, அடிக்கடி ஊத வேண்டும்.

கடலில் இதே கதை பல மடங்கு வேகத்தில் நடக்கிறது. விமான அறைக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலைக்காற்றுக்குச் சமம். அங்கிருந்து தரைக்கு வரும்வரை காது சந்திக்கும் மொத்த அழுத்த மாற்றத்தை நீருக்குள் இரண்டரை மீட்டர் இறங்கினாலே சந்தித்துவிடலாம். விமானத்தில் அரைமணி நேரம் ஆவது இங்கே சில நொடிகளில் முடிகிறது. காது திறக்கவில்லையா? சற்று மேலே வந்து மறுபடி முயல வேண்டும்; பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை கிழியும். சளி இருக்கும்போது மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்களின் துணிச்சல் எனக்குப் பிடிபடுவதே இல்லை. மருந்தின் வேகம் அடியில் இருக்கும்போது தணிந்துவிட்டால், மேலே வரும் வழியில் சைனஸுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். சிலிண்டரில் காற்று தீர்வதற்குள் எப்படியும் மேலே வந்துதானே ஆக வேண்டும்?

உயிருக்கே உலை வைக்கும் தவறு ஒன்று, நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே பழக்கமாக வருகிறது. கிணற்றில் குதித்துப் பழகியவர் நீருக்குள் மூச்சை அடக்குவார். அந்தக் காலத்து மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பவர்களும் கல்லைக் கட்டிக்கொண்டு, மேலே இழுத்த ஒரே மூச்சோடுதான் இறங்கினார்கள். அந்தக் காற்று ஆழத்தில் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். ஸ்கூபா கருவியோடு, அதாவது சிலிண்டர் காற்றை நீருக்குள்ளேயே சுவாசித்தபடி, இறங்குகிறவரின் கணக்கு வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதற்கு இடம் கொடுக்காது, கிழியும். காற்றுக் குமிழ் ரத்தத்தில் புகுந்து மூளைக்கும் போகலாம். ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழமே இதற்குப் போதும் என்பதால் நீச்சல் குளத்துப் பயிற்சியிலும் விலக்கு இல்லை. மூச்சை நிறுத்தாதே என்பதுதான் ஸ்கூபாவின் முதல் பாடம்.

அடுத்தது, கடலிலிருந்து நேரே விமானத்துக்கு ஓடுவது. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் கூடுதலாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெல்ல மேலே வந்தால் மூச்சோடு வெளியேறிவிடும். வேகமாக வந்தால் கோலி சோடாவைத் திறந்த கதைதான், உடம்புக்குள் குமிழ். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அடித்தளம் போட, ஆற்றடியில் அழுத்தக் காற்று அடைத்த அறைகளில் வேலை செய்தவர்களை முடக்கியதும் இதுவே. அதன் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இந்நோயால் படுக்கையில் விழுந்தார்.

கரையேறிய பிறகும் மணிக்கணக்கில் நைட்ரஜன் உடம்பில் மிச்சமிருக்கும். அந்நிலையில் விமானம் ஏறுவது, இன்னொரு முறை அழுத்தத்தைக் குறைப்பதாகும். ஒரே ஒரு முறை, இடைநிறுத்தம் (மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேற நடுவில் நின்று காத்திருப்பது) தேவைப்படாத ஆழத்துக்கு இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாளோ இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். இடைநிறுத்தம் தேவைப்பட்ட ஆழமென்றால் அதற்கும் மேல். அந்தமானில் மூன்று நாள் தொடர்ந்து இறங்கியவர், கடைசி நாள் மாலை 4 மணிக்கு நீரைவிட்டு வந்து மறுநாள் காலை 8 மணிக்குச் சென்னை விமானத்தைப் பிடித்தால், ஒரு இரவு முழுக்க ஓய்வெடுத்ததாகவே நினைப்பார். எண்ணிப் பாருங்கள், 16 மணி நேரம்தான்.

விமானத்தைத் தவிர்த்தவர்கள்கூட மலையை மறந்துவிடுகிறார்கள். கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி, ஊட்டி அதற்கும் மேல். ராமேஸ்வரத்தில் காலையில் ஸ்கூபா முடித்துவிட்டு அன்றே கொடைக்கானலுக்குக் காரை விடுகிறவர், தன் உடம்பைப் பொறுத்தவரை விமானம்தான் ஏறியிருக்கிறார்.

இந்தக் குமிழ்களால் வலி வந்த பிறகு நடப்பது இன்னொரு வகைத் தவறு. தோளிலோ முழங்கையிலோ குடைச்சல், கால் மரத்துப்போதல், காரணமில்லாத அசதி. உடனே 'சிலிண்டர் தூக்கியதால் பிடிப்பு' என்று தைலம் தேய்ப்பார்கள். மறுபடி நீருக்குள் இறங்கினால் வலி விட்டுவிடும் என்ற கைவைத்தியமும் உண்டு. குமிழ் சுருங்குவதால் வலி விடுவது உண்மையே. ஆனால் அங்கே மேலும் நைட்ரஜன் சேரும். கால் செயலிழந்தால் தூக்கிவிடவும் ஆள் இருக்காது. செய்ய வேண்டியது, தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுத்து, உயர் அழுத்த ஆக்சிஜன் அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது. அங்கே போய்ச் சேரும்வரை பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிடம், எப்போது கரையேறினீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், கைவலி என்று வந்தவருக்கு வலி மாத்திரைதான் எழுதிக் கொடுப்பார்கள்.