ஒரு பெரட்டுக்கு ரெண்டு கங்காணியா?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு வேலை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். தபாலில் போடுமுன் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார் அப்பா. கிராணி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தவர், ஒரு வரியில் நின்றுவிட்டார். "ஆல்தோ ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ், பட் ஐ கேன் லேர்ன்." பென்சிலால் 'பட்'டை அடித்தார். "ஏம்மா, ஒரு பெரட்டுக்கு ரெண்டு கங்காணியா?" பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதை மேற்பார்க்கிற கங்காணி ஒருவர் போதும்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் வீட்டுப் பின்கட்டில் டியூஷன் எடுக்கிறேன். அதே வரி வருஷா வருஷம் வேறு வேறு கையெழுத்தில் என் மேசைக்கு வந்து சேர்கிறது.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. தமிழில் யாரும் "அனுபவம் இல்லாவிட்டாலும் ஆனால் கற்றுக்கொள்வேன்" என்று சொல்வதில்லை. 'ஆலும்' வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ' வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. நடுவுக்கு வரும்போது அது மறந்துபோய், கை தானாக ஒரு 'பட்' போடுகிறது. மலாயில் 'வலாவ்பூன்' (ஆல்தோ) எழுதிவிட்டு 'தெத்தாப்பி' (பட்) சேர்க்கிற பிள்ளையும் இதே பிள்ளைதான். மாண்டரினில் இரண்டையும் ஜோடியாகப் போடுவதுதான் முறை என்பதால் பக்கத்து வீட்டுச் சீனப் பையனுக்கும் இதே தொல்லை.

திருத்த வழி இரண்டு. 'ஆல்தோ'வை வைத்துக்கொண்டு 'பட்'டை எடுங்கள். அல்லது 'பட்'டை வைத்துக்கொண்டு 'ஆல்தோ'வை எடுங்கள். இலக்கணத்துக்கு இரண்டும் சரி, எடைதான் மாறும். "ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ், பட் ஐ கேன் லேர்ன்" என்றால் 'எனக்கு அனுபவம் இல்லை' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்கே போகிறீர்கள். 'ஆல்தோ' அந்தக் குறையைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிடும். வேலைக் கடிதத்துக்கு எனக்கு 'ஆல்தோ'தான் பிடிக்கும்.

ஆனால் இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சிவப்புப் பேனா பிடிக்காது.

பயிற்சிப் புத்தகங்களில் தவறாமல் வரும் உதாரணம் மழைதான். "ஆல்தோ இட் ரெயின்ட், ஹி வென்ட் டு வொர்க்." இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம் வரும். அம்மா பால்மரம் வெட்டினவர், ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. விடியற்காலை மழை பெய்தால் மரத்துப் பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழியும், பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தில் தண்ணீர்தான் நிற்கும். அன்றைக்கு வெட்டு இல்லை. அம்மா கோப்பி கலக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை "ஆல்தோ இட் ரெயின்ட், மை மதர் டிட் நாட் டேப்" என்று எழுதினால் இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை, அர்த்தம்தான் தலைகீழ். மழை பெய்தால் வெட்டு இல்லை என்பது எங்களுக்கு எதிர்பார்த்த விஷயம். அங்கே வர வேண்டியது 'பிகாஸ்'. 'ஆல்தோ' போட வேண்டுமானால் எதிர்பார்ப்பு ஒன்று முறிய வேண்டும். ஒருமுறை இதைச் சொன்னபோது செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "டீச்சர், எங்கப்பா தூறல்லயும் குலை வெட்டுவாரு." அவன் வீட்டுக்குப் புத்தக உதாரணம் பொருந்தும். அதனால் எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் பாதியைக் கேட்டவர் என்ன நடக்கும் என்று நினைப்பார்? நடந்தது அதற்கு மாறாக இருந்தால் மட்டும் 'ஆல்தோ'.

'ஈவன் தோ', 'ஈவன் இஃப்' இரண்டையும் குழப்புபவர்களுக்குத் தமிழிலேயே அளவுகோல் இருக்கிறது. "மழை பெய்தும் போனேன்" என்றால் மழை உண்மையில் பெய்தது. அது 'ஈவன் தோ'. "மழை பெய்தாலும் போவேன்" என்றால் பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். அது 'ஈவன் இஃப்'. 'தும்' வந்தால் 'தோ' என்று என் பிள்ளைகள் பாட்டாகவே பாடுவார்கள். ஒன்று மட்டும்: பேச்சில் 'ஆலும்' நடந்து முடிந்ததற்கும் வரும், "மழை பேஞ்சாலும் போனேன்" என்போம். அப்போது வாலை விட்டுவிட்டு, மழை பெய்ததா இல்லையா என்று பாருங்கள். வெறும் 'ஈவன்' எதையும் இணைக்காது. "ஈவன் இட் ரெயின்ட்" என்று எழுதினால் நான் பக்கத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

'டெஸ்பைட்'டுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வரட்டும்: "டெஸ்பைட் தி ரெயின்". "டெஸ்பைட் இட் ரெயின்ட்" தப்பு. எழுவாயும் வினையும் வேண்டுமென்றால் 'ஆல்தோ'வுக்குத் திரும்பிவிடுங்கள். 'ஆஃப்' ஒட்டுவது 'இன் ஸ்பைட்'டுக்கு மட்டும். "டெஸ்பைட் ஆஃப்" என்று ஒன்று கிடையாது. கடைப் பலகையில், கல்யாணப் பத்திரிகையில், எங்கே பார்த்திருந்தாலும் கிடையாது.

'ஹவெவர்' நம் 'இருப்பினும்' மாதிரி. முந்தைய வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி வைத்துவிட்டுத்தான் அதைத் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி. 'பட்' இருந்த இடத்தில் 'ஹவெவர்' போட்டால் கட்டுரை கனமாகிவிடும் என்று நினைத்து, முன்னும் பின்னும் காற்புள்ளியே வைத்து இரண்டு வாக்கியத்தை ஒட்டுகிறார்கள். ஒட்டாது. 'வேரஸ்' இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்ட: அண்ணன் ஈப்போவில் வேலை, தம்பி சிங்கப்பூரில். அவ்வளவுதான்.

போன மாதம் வீட்டுப் பாடமாக, அவரவர் வீட்டில் எதிர்பார்ப்பு முறிந்த ஒரு விஷயத்தை எழுதிவரச் சொன்னேன். படிவம் 3 பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "ஆல்தோ தி எஸ்டேட் இஸ் கான், மை கிராண்ட்மதர் ஸ்டில் வேக்ஸ் அப் அட் ஃபோர்." நான் பேனாவை மூடிவைத்தேன். முன்வரிசைப் பையனுக்கு மனசு ஆறவில்லை. "டீச்சர், 'ஆல்தோ' இருக்கு, 'ஸ்டில்'லும் இருக்கு. அப்போ ரெண்டு கங்காணி ஆச்சே?"

இல்லை. 'ஸ்டில்' இணைப்புச்சொல் இல்லை, வினையடை. 'இன்னமும்' என்று அந்த வினையை அழுத்திக் காட்ட நிற்கிறது. அதை எடுத்தாலும் வாக்கியம் உடையாது, பாட்டியும் நாலு மணிக்கு எழுந்துகொள்வார்.